ஓர் அடி ஆழம்வரை உழலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், எங்கள் ஊர்ப் புஞ்சைக் காட்டில் முதுமக்கள் தாழிகள் "கண்டெடுக்கப்பட்டதாக" ஒரு செய்தி வந்தது. படமும் போட்டிருந்தீர்கள். படத்தில் ஒருவர் தாழியின் விளிம்பில் காலை வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் எனக்குக் கொழுந்தனார் முறை. அவரிடம் சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன்.

அந்தத் தாழிகளை மனிதர் யாரும் கண்டெடுக்கவில்லை. கண்டெடுத்தது பொக்லைன் வாளி. சீமைக்கருவேலத்தைத் தூரோடு பிடுங்க வந்த வண்டி, வெயில் ஏறுவதற்குள் நான்கு தாழிகளைக் கிழித்துப் போட்டுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்று மட்டும் பாதி உடம்போடு குழிக்குள் நின்றது. மற்ற மூன்றும் ஓட்டுக் குவியல். வண்டி ஓட்டிய பையன் இறங்கி வந்து, "ஆத்தா, இதற்குள் தங்கம் இருக்குமா?" என்று கேட்டான். எலும்பு இருக்கும் அப்பா என்றேன். முகம் சுருங்கிப் போய்த் திரும்ப ஏறிக்கொண்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடுகிற வண்டி அது.

கோபம் உங்கள் செய்திமேல் கொஞ்சம் உண்டு. ஊர்ப் பெயரையும், எந்தக் கண்மாய்க்கு எந்தப் பக்கம் என்பதையும் துல்லியமாக அச்சடித்திருந்தீர்கள். அன்று இரவே வெளியூர் ஆட்கள் இரண்டு மோட்டார் சைக்கிள்களில் டார்ச் லைட்டோடு வந்து, மிஞ்சி நின்ற அந்தப் பாதியையும் குடைந்துவிட்டுப் போனார்கள். ஆகவே இந்தக் கடிதத்தில் ஊர்ப் பெயர் இருக்காது. ஆற்றங்கரைக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கடலோரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 66 வயது. பிறந்தது மானாமதுரையில், மண்பாண்டம் வனையும் வேளார் வீட்டில். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். வீட்டுக்காரர் குடும்பத்துக்கு ஒரு சூளையும் நான்கு ஏக்கர் மானாவாரியும் உண்டு. வருடா வருடம் குண்டு மிளகாய்தான். அந்த நிலத்தின் வடகோடியில்தான் இந்தத் தாழிகள் கிடந்த மேடு இருக்கிறது. பாதி எங்கள் பட்டா, மறுபாதி பக்கத்துக் காட்டுக்காரர் பட்டா. ஊரில் தாழிமேடு என்பார்கள். நான் வந்த புதிதில் அதன் மறுபக்கம் நிற்கிற ஆள் தெரிய மாட்டார். இன்று முழங்கால் உயரம்கூட இல்லை. ஐப்பசி மழை ஓய்ந்த காலையில் போனால் சரிவு முழுக்க ஓடுகள் கழுவிவிட்டாற்போல் கிடக்கும், ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் சிவப்புமாக.

உயிரோடு இருந்த கிழவர்களைப் பானைக்குள் உட்காரவைத்துப் புதைத்தார்கள் என்று உங்கள் செய்தி சொல்கிறது. என் மாமியாரும் அப்படித்தான் சொல்வார். அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சாவே வராதாம். வயதாக வயதாகச் சுருங்கிச் சுருங்கிக் கைக்குழந்தை அளவாகிவிடுவார்களாம். மாடக்குழியில் வைத்துப் பார்த்து, பிறகு சோறும் விளக்கும் வைத்து மதமதக்கத் தாழி என்று அவர் சொல்லும் அந்தப் பானைக்குள் இறக்கிவிடுவார்களாம். இதை அத்தை சொல்லும்போது கேட்கப் பயமாகவும் ஆசையாகவும் இருக்கும். கதை கதையாகவே இருக்கட்டும். செய்தியாக அச்சடித்தால் தவறு. தோண்டிப் பார்த்தவர்கள் சில தாழிகளில் முழு எலும்புக்கூட்டையும், பலவற்றில் பிறகு பொறுக்கிச் சேர்த்து வைத்த எலும்புகளையும்தான் கண்டிருக்கிறார்கள். கருங்கல் கிடைக்கிற சீமையில் இறந்தவர்களுக்குக் கல்வட்டம் போட்டார்கள், கல்திட்டை வைத்தார்கள். எங்கள் கடலோரத்தில் கருங்கல்லுக்கு எங்கே போவது? மண்ணும் தண்ணீரும் விறகும் இருந்தன. பானை செய்தார்கள்.

அந்தப் பானையைப் பற்றி நான் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் பெண்கள் சக்கரத்தில் உட்காருவதில்லை. மண் மிதிப்பதும் பானையைத் தட்டுவதும்தான் எங்கள் வேலை. உள்ளே ஒரு கையால் கல்லைக் கொடுத்து, வெளியே மறு கையால் பலகையால் தட்டித் தட்டி வயிற்றை விரிக்க வேண்டும். ஏழு வயதில் நான் தட்டத் தொடங்கினேன். என் கண்ணுக்குத் தாழி சக்கரத்தில் எழுந்த பாண்டமாகவே தெரியவில்லை. அவ்வளவு மண்ணைச் சுழற்றி எழுப்ப முடியாது. எழுப்பினாலும் தன் பாரத்திலேயே உட்கார்ந்துவிடும். அடியை முதலில் செய்து, திரித்த மண்ணைச் சுற்றுச் சுற்றாக வைத்து, ஓரளவு இறுகியதும் தட்டி, மறுநாள் அதன்மேல் அடுத்த சுற்று. வெயில் கடுமையானால் வெடிக்கும், மூட்டமானால் சரியும். ஒரு தாழி நிற்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகியிருக்கும் என்பது என் கணக்கு.

கழுத்துக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திய ஒரு பட்டை சுற்றிலும் ஓடும். அதை அலங்காரம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டுப் போட்ட இடமாகத்தான் தெரிகிறது. வயிறும் கழுத்தும் சேரும் இடத்தில் பானை பிரியும். பிரியாமலிருக்க அங்கே ஒரு மண்பட்டையை வைத்து விரலால் அமுக்கிக்கொண்டே வர வேண்டும். அழகாகவும் இருக்கட்டுமே என்று இடைவெளி பிசகாமல் அமுக்கியிருக்கிறார்கள். உடைந்து கிடந்த துண்டின் உட்புறத்தில் தட்டுக்கல்லின் பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஓரிடத்தில் மட்டும் வரிசை குழம்பியிருந்தது. யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். 'பார்த்திருக்கிறாள்' என்பது என் ஊகம்தான். எங்கள் வீட்டு வழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்.

புறநானூற்றின் 256ஆம் பாட்டில் கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி, தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்று குயவரிடம் கேட்கிறாள். எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் அதைப் பாடிக் காட்டும்போது எல்லாரும் அவள் துக்கத்தைப் பேசுவார்கள். எனக்கு அந்தக் குயவர் நினைவுதான் வரும். வாயை ஒரு முழம் அகட்டினால் அடியிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், சூளை கொள்ளுமா என்று பார்க்க வேண்டும். அந்த ஆள் என்ன பதில் சொன்னார் என்று பாட்டில் இல்லை.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். 1988ஆம் ஆண்டு என்று நினைவு. என் மூத்த மகன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம். மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற மேட்டடியில் ஊற்றுக்குழி தோண்டினார்கள். எங்கள் பக்கம் ஆறடி ஏழடியில் நல்ல தண்ணீர் ஊறும். அதற்குக் கீழே போனால் உப்பு. மூன்றடியில் கடப்பாரை 'டங்' என்றது. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுத் தேங்காய் உடைத்து அப்படியே மூடச் சொன்னார். மாமனார் கேட்கவில்லை. "வெளியே தெரிந்தால் சர்க்கார் வேலி போட்டுவிடும். பிள்ளைகளுக்கு இந்தக் காடு இல்லாமல் போய்விடும்" என்றார். அவரே இறங்கித் தாழியை உடைத்தார். எலும்புகளை ஓலைக்கொட்டானில் அள்ளிக் கண்மாய்க் கரையில் புதைத்தார். ஓடுகளை வரப்புக்குப் போட்டார். முரட்டு மனிதர் இல்லை அவர். அன்று இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

உள்ளே இருந்த சின்னப் பாண்டங்களில் ஒரு கிண்ணம் மட்டும் உடையாமல் வந்தது. உள்ளே மை போலக் கறுப்பு, வெளியே செம்மண் சிவப்பு. அந்தக் கறுப்பு சாயம் இல்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, உள்ளே உமியோ தழையோ திணித்துச் சுட்டால் காற்றுப் போகாத உட்புறம் கறுக்கும், தீ நக்கிய வெளிப்புறம் சிவக்கும். என் அப்பாவுக்கு அது தெரியும். சொல்லப்போனால் நானே இரண்டு முறை செய்து பார்த்தேன். ஒன்று புகை பிடித்துத் திட்டுத் திட்டாக வந்தது. இன்னொன்று பார்க்கிற மாதிரி வந்தது. கிண்ணத்தின் தோளில் ஏணி போல ஒரு கீறல் குறி உண்டு. சுட்ட பிறகு கீறியது அது. பச்சை மண்ணில் கீறினால் ஓரம் இப்படிச் சிலும்பாது.

அந்தக் கிண்ணத்துக்குள் மண்ணோடு மண்ணாகக் கருகிய உமி ஒரு கைப்பிடி இருந்தது. நெல் உமி. உமியை எனக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. நான் அதைக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு, சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவிக் கோழிக்குத் தண்ணீர் வைத்தேன். நான்கைந்து ஆண்டுகள் கோழிகள் அதில் குடித்தன.

2021 செப்டம்பர் 9 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்புச் செய்தார். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமியை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் அதன் காலம் கி.மு. 1155 என்று தெரிந்ததாம். நான் அப்போது முறத்தில் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. மகன் என்னம்மா என்றான். ஒன்றுமில்லை, கண்ணில் காரம் பட்டுவிட்டது என்றேன்.

எங்கள் மேட்டு உமியும் அதே வயது என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்லக்கூடிய ஒரே பொருளை நான் எருவாக்கிவிட்டேன் என்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் வெகுநேரம் ஆகாது, அழகன்குளம். 1986-87 முதல் அங்கே தொல்லியல் துறை பல முறை தோண்டியிருக்கிறது. ரோமானியக் காசும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும், தமிழ்ப் பெயர் எழுதிய ஓடுகளும் அங்கே கிடைத்தன. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்ததும் மகளிர் குழுவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பக்கத்துக் கொந்தகைதான் அன்று கீழடியில் வாழ்ந்தவர்களின் இடுகாடு. அங்கே எடுத்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மரபணு ஆய்வு செய்கிறார்கள் என்றார்கள். ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழிகளை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்கள். இவ்வளவும் தெரிந்த மாவட்டத்தில், இன்றைக்கும் ஒரு விவசாயி தாழியைக் கண்டால் முதல் வேலையாக மண்ணைத் தள்ளி மூடுகிறார், அல்லது மாமனாரைப் போல உடைக்கிறார். பேராசை காரணமில்லை. காடு போய்விடும் என்ற பயம்.

இந்தப் பயத்தைப் போக்க முப்பது ஆண்டுகளில் யாரும் எங்களிடம் வந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. போன மாதம் ஓர் அலுவலகத்துக்கு நானே நடந்தேன். மேட்டை அரசு எடுத்துக்கொண்டால் பட்டா என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "மனு கொடுத்துவிட்டுப் போங்கள்" என்றார்கள். கேள்விக்கு மனுவா என்று கேட்டேன். அதற்கும் மனுதான்.

மதுரையில் வழக்கறிஞராக இருக்கும் என் தம்பி மகனிடம் சொன்னேன். அவன் மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டத்தை எடுத்துப் படித்துக் காட்டினான். ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கும் முன் இரண்டு மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் நாம் எழுதலாம். அப்படி அறிவித்த பிறகும்கூட, 19ஆம் பிரிவின்படி அந்த நிலத்தில் பயிர் வைக்கலாம், மேல்மண்ணிலிருந்து ஓர் அடிக்கு மேல் தோண்டாமல் இருந்தால். இங்கிலீஷில் அந்த வாக்கியத்தை எழுதியவர் 'இல்லை' என்பதை இரண்டு முறை போட்டுக் குழப்பி வைத்திருக்கிறார் போலிருக்கிறது. பையன் மூன்று முறை படித்துவிட்டுச் சிரித்தான். ஆனாலும் கருத்து அதுதான் என்றான்.

ஓர் அடி! நாட்டுக் கலப்பை ஒரு சாண் போனால் பெரிது. குண்டு மிளகாய்க்கு அதற்கு மேல் உழவு கேட்பதே இல்லை. நாங்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மேட்டில் செய்து வந்த விவசாயத்துக்குச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. டிராக்டர் சட்டிக் கலப்பை எல்லையைத் தொடுகிறது. உளிக் கலப்பையும் பண்ணைக்குட்டையும் பொக்லைனும்தான் எல்லை தாண்டுகின்றன. இந்த ஒரே ஒரு வரியை 1988இல் யாராவது என் மாமனாரிடம் சொல்லியிருந்தால் கடப்பாரையைக் கீழே வைத்திருப்பார். அளவு சொன்னால் கேட்கிற மனிதர் அவர். பங்காளிகளோடு வரப்புத் தகராறில்கூட ஒரு விரற்கடை கூடுதலாக எடுக்கமாட்டார்.

பயம் முழுக்கப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். 2010இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்ட முடியாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். மேட்டுக்கு அருகில்தான் என் சின்ன மகன் வீடு கட்டக் கடைக்கால் பார்த்து வைத்திருக்கிறான். அவனிடம் நான் என்ன சொல்வது? ஆனால் தாழி கிடைத்த இடமெல்லாம் அன்றைக்கே அப்படி அறிவிக்கப்பட்டுவிடுவதில்லை. கீழடியில் தென்னந்தோப்புக்காரர்களின் ஒப்புதலோடுதான் குழி தோண்டினார்கள்; ஆய்வு முடிந்த குழிகளை மூடிக் கொடுத்தார்கள். எது நடக்கும், எது நடக்காது என்று கிராமசபைக் கூட்டத்தில் ஒருவர் வந்து தமிழில் சொல்லட்டும். நூறு நாள் வேலைக் கணக்குப் படிக்கிற அதே மைக்கில் படிக்கட்டும். தங்கள் நாளிதழும் அடுத்த முறை தாழி படம் போடும்போது, விளிம்பில் கால் வைத்தவரின் பெயருக்குப் பதிலாக இந்த ஓர் அடிக் கணக்கைப் போடலாம்.

பக்கத்துக் காட்டுக்காரரையும் விட்டுவிடக் கூடாது. அவர் கெட்டவர் இல்லை. பத்து வருடம் தரிசாகக் கிடந்து கருவேலம் அடைத்த காட்டைத் திரும்ப உழ நினைத்தார். 2017இல் நீதிமன்ற உத்தரவு என்று மாவட்டமே கருவேலத்தைப் பிடுங்கியது. அந்த நினைப்பில் இவரும் வண்டியைக் கூப்பிட்டார். கருவேலத்தின் வேர் எங்கே போகிறதோ அங்கே வாளியும் போகும். மேட்டில் மட்டும் தரையோடு வெட்டியிருக்கலாம். தழைக்கும்தான், வருடத்துக்கு இரண்டு முறை வெட்ட வேண்டி வரும்தான். ஆனால் கரிமூட்டம் போடுகிறவர்கள் அதைக் காசு கொடுத்து வெட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் சூளைக்கே வேண்டும். இதை நான் அவரிடம் சொன்னபோது, "முன்னாலேயே சொல்லக் கூடாதா மதினி" என்றார். அதுவும் நியாயம்தான்.

கடைசியாக, அந்தக் கிண்ணம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால், என்ன கிடைத்தது, எங்கே, என்றைக்கு என்று கலெக்டருக்கு எழுதித் தர வேண்டுமாம். பத்து ரூபாய்க்கு இன்றைக்கு ஒரு மூடிகூடக் கிடைக்காது, நானே விற்கமாட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதமாக அந்தக் கடிதத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். தேதி மட்டும் சரியாகச் சொல்ல முடியவில்லை. மகனைப் பள்ளியில் சேர்த்த வருடம், நாற்றுப் பாவிய மாதம் என்று எழுதியிருக்கிறேன்.

கிண்ணம் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் இருக்கிறது. வெயிலில் வைப்பதில்லை. எங்கள் மண்ணில் உப்பு உண்டு, காய்ந்தால் பூத்து மேல்தோல் உரிந்துவிடும். அதைப் பெற்றுக்கொள்ள வருகிறவர்கள் தயவுசெய்து மறுபடியும் கழுவ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மண்சட்டி எதையும் முழுசாக விட்டுக்கொடுக்காது. மீன் குழம்பு வைத்த சட்டியில் பால் காய்ச்சிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேங்காய் நாருக்கும் கோழிகளுக்கும் தப்பி அதன் அடியில் ஏதாவது ஊறிக் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
இராமநாதபுரம் மாவட்டம்.
(பெயரும் முகவரியும் தங்களுக்கு மட்டும், அச்சிட வேண்டாம்.)